வாசலில் இரண்டு வரிசை

லிஃப்ட் கதவு திறந்ததும் அந்த வாசனை. கொதிநீரில் முக்கி எடுத்த நைலான் முடியின் வாசனை. கொஞ்சம் பிளாஸ்டிக், கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் ஆவி. உள்ளே யாரும் இல்லை. புதிதாகப் பின்னிய தலையோடு யாரோ ஒருத்தி இப்போதுதான் இறங்கிப் போயிருக்க வேண்டும். கண்ணாடியில் நான் மட்டும் நின்றிருந்தேன். என் மாடிவரை தனியாகத்தான் ஏறினேன், ஆனால் தனியாக என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. கதவு திறந்த பிறகும் இறங்காமல், யாருக்கோ வழிவிடுகிறவளைப் போல ஓரமாக ஒதுங்கி நின்றேன். கதவு என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

பின்னலின் நுனியைக் கொதிநீரில் முக்கினால்தான் அவிழாது. இதை எனக்குச் சொன்னவள் ஓர் உகாண்டாக்காரி. துபாய் ஜெபல் அலியில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் அவள் செக்கர். கையில் ஸ்கேனர், காலில் இரும்பு மூக்கு வைத்த ஷூ, தலையில் மாதத்துக்கு ஒரு புது அலங்காரம். நான் கண்ணாடி அறைக்குள் ஏசியில் உட்கார்ந்து கஸ்டம்ஸ் தாள் தயாரிப்பவள். அவள் எண்ணி முடித்த சரக்குதான் என் மேசைக்கு வரும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நம் ஊர்க்காரர்களிடமிருந்து அவள் தமிழ் பொறுக்கி வைத்திருந்தாள். "அக்கா, சாப்டாச்சா?" என்பாள். லோடு தாமதமானால் "வெளங்கிடும்" என்பாள். மற்றதெல்லாம் இங்கிலீஷும் ஹிந்தியும் கலந்து ஓடும். ஆனால் என் காதில் அவள் பேச்சு முழுக்கத் தமிழாகவே தங்கிவிட்டது.

ஒரு நாள் டீ நேரத்தில் என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னவிட ஒரு சொட்டுதான் கம்மி. உங்க ஆளுங்க உன்ன என்ன கலர்னு சொல்வாங்க?"

"மாநிறம்."

"அப்படின்னா?"

"மாமரத்தோட நிறம்னு வச்சுக்கோயேன்."

"மரமா? பொண்ணப் பாத்தா மரம் ஞாபகம் வருதா உங்க ஆளுங்களுக்கு?"

காகிதக் கோப்பை நடுங்கும் அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஊரில் என்னைக் கறுப்பி என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் அந்தச் சிரிப்புக்குள் விழுந்து காணாமல் போனார்கள். அவளையும் அவள் ஆட்களையும் குறிக்க எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் சொல்லை இங்கே எழுதப்போவதில்லை. அந்தச் சொல்லும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதையும் எங்களிடமிருந்துதான் பொறுக்கியிருந்தாள்.

அவளுக்கு ஒரு கூடம் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தன் ஆட்களைச் சேர்க்க ஓர் இடம். உகாண்டா, கென்யா, கானா, கேமரூன், எங்கிருந்து வந்தவர்களானாலும் சரி.

"வாரம் பூரா நாங்க பின்கேட்டு வழியாத்தான் உள்ள போறோம். ஹோட்டல், மால், வீடு, எங்க போனாலும் சர்வீஸ் கதவு. ஒரு நாளாவது எல்லாரும் பாக்க முன்வாசல்ல வரணும், அக்கா. கறுப்பா இருக்கிறது சந்தோஷமான விஷயம்னு வாய்விட்டுச் சொல்லிட்டு வரணும்."

எங்கள் ஏரியாவில் மெஸ் நடத்தும் சிவகங்கைக்கார அண்ணனிடம் நான்தான் போய்ப் பேசினேன். அவர் கடைக்கு மேலே பார்ட்டி ஹால் ஒன்று உண்டு. வெள்ளி, சனியில் வளைகாப்பு, பிறந்தநாள். ஞாயிறு காலி.

"ஆப்பிரிக்காக்காரங்களாக்கா? சத்தம் கித்தம் ஜாஸ்தி இருக்குமே."

"போன வாரம் வளைகாப்புல நீங்க வச்ச ஸ்பீக்கரவிடவா அண்ணே?"

தலையைச் சொறிந்தார். "சரி, வரட்டும். கீழ சாப்பிடறவன் சாம்பார்ல சுண்ணாம்பு உதிராம ஆடச் சொல்லுங்க."

அந்தக் கூடத்தில் அவள் வைத்த சட்டம் ஒன்றுதான். யாரும் சும்மா உள்ளே வரக்கூடாது. முதலில் வந்தவர்கள் வாசலிலிருந்து சன்னல்வரை இரண்டு வரிசையாக நிற்க வேண்டும். படியேறி வருகிறவர் நடுவில் ஆடிக்கொண்டே வர வேண்டும். இருபுறமும் கைதட்டல், குலவை, பெயர் சொல்லிக் கூச்சல். கல்யாணப் பெண்ணுக்கும் கோல் போட்டவனுக்கும் கிடைக்கிற வரவேற்பு, கழிப்பறை கழுவிவிட்டு வருகிறவளுக்கும் வாட்ச்மேன் டூட்டி முடித்து வருகிறவனுக்கும் கிடைக்கும். வந்தவர் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டு அடுத்தவருக்குத் தட்டுவார்.

முதல் ஞாயிறு நான் டிபன் கேரியரோடு சுவரை ஒட்டி நழுவப் பார்த்தேன். பிடித்துத் திருப்பிப் படிக்கே அனுப்பினார்கள். மறுபடி வா என்றார்கள். என் வருகைக்கு அதுவரை யாரும் கை தட்டியதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்திருக்கிறேன். நுழைந்ததும் பேச்சு நின்றுபோகும். அந்த அமைதியை இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோல இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்பது, அந்த இரண்டு வரிசைக்கு நடுவில் கால் வைத்தபோதுதான் தெரிந்தது. எப்படி ஆடினேன் என்று கேட்காதீர்கள். கேரியர் மட்டும் கையிலிருந்து விழவில்லை.

எப்போதும் கடைசியாக வருகிறவள் ஒருத்தி இருந்தாள். என் உகாண்டாச் சிநேகிதியின் ரூம்மேட், அவள் ஊர்க்காரி. ஹோட்டலில் படுக்கை விரிக்கிற வேலை. பாட்டு பாதி ஓடிய பிறகுதான் படியில் அவள் காலடி கேட்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, பின்னோக்கி ஆடிக்கொண்டே வருவாள். முகத்தைக் கடைசியில்தான் காட்டுவாள். தாமதமானதாலேயே அவளுக்குத் தட்டல் அதிகம். வேண்டுமென்றேதான் தாமதிக்கிறாள் என்று என் சிநேகிதி திட்டுவாள். ஒரு தடவை இருவரும் ஒரே மஞ்சளில் உடை தைத்துப் போட்டுக்கொண்டு வந்து, மாடிப்படியில் தோளோடு தோள் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மெஸ் அண்ணன் அதில் ஒரு பிரதி வாங்கி, கல்லாவின் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார்.

அந்த ரூம்மேட் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். உடல் விமானத்தில் ஊருக்குப் போனது. கூடப் போக யாருக்கும் லீவு இல்லை. அனுப்பும் தாளை என் சிநேகிதி என்னிடம் காட்டினாள். நான் தினமும் நூலுக்கும் டயருக்கும் போடுகிற அதே மாதிரித் தாள். எடை எழுதும் இடத்தில் எடை எழுதியிருந்தது. அன்று மாலைவரை என் விரல்களால் கீபோர்டைத் தொட முடியவில்லை.

சில மாதங்களில் என் சிநேகிதிக்கும் கான்ட்ராக்ட் முடிந்தது. சவூதியின் தம்மாமில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டும். நடுவில் ஒரே ஒரு ஞாயிறு.

"கூடத்துல பாதிப் பேர் புதுசு. அவள அவங்க பாத்ததே இல்ல. நானும் போயிட்டா அவ இங்க இருந்தான்னு சொல்ல ஆள் கிடையாது. பொட்டியில வச்சு அனுப்புனாங்க, பின்கேட்டு வழியா. ஒரு தடவ அவளுக்கு முன்வாசல்ல கை தட்டணும். அழக்கூடாது. அழுதா படியில உருட்டி விட்டுருவேன்."

மெஸ் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் இறுகிப்போனது. "பாவம்க்கா. சின்னப் பொண்ணு" என்றார். கூடத்தில் மிஞ்சியிருந்த வளைகாப்பு பலூன்களை அவரே ஊசியால் குத்தி எடுத்தார். அன்றைக்குக் கேசரி வேண்டாம் என்று சமையலறையில் சொல்லிவிட்டார். துக்க வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் அது தெரிந்ததுதான் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு வந்தது. எல்லோரும் ஆரஞ்சிலும் மஞ்சளிலும் வந்தார்கள். ஒவ்வொருவராக ஆடி உள்ளே வந்து சேர்ந்தார்கள். கடைசியில் என் சிநேகிதி கையை உயர்த்தினாள். செத்துப்போனவளுக்குப் பிடித்த பாட்டு ஓடத் தொடங்கியது. இரண்டு வரிசையும் வாசலைப் பார்த்துத் திரும்பின. நடுவில் வெறும் தரை. நாங்கள் கை தட்டினோம். யாருமில்லாத வாசலுக்கு, யாருமில்லாத படிக்கு, காலியாக ஓடும் அந்தச் சந்துக்கு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தட்டத் தட்ட வாசல் இன்னும் காலியாகிக்கொண்டே போனது.

"அவ எப்பவும் லேட்டு" என்றாள் என் சிநேகிதி. "தட்டுங்க."

அப்போது படியில் காலடி கேட்டது.

எனக்குப் பக்கத்தில் நின்றவள் என் தோளோடு ஒட்டிக்கொண்டாள். தட்டுவதை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தப் பயமாக இருந்தது. காலடி மெதுவாக, கனமாக ஏறி வந்தது. வாசலில் மெஸ் அண்ணன் நின்றார். குளித்துத் திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில். அந்த வேட்டியை நான் பொங்கலுக்குத்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு கையிலும் ஏந்திய ஒரு பெரிய படம். சட்டம் போட்டது. அதற்குச் சாமந்தி மாலை. கல்லாக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அந்த மஞ்சள் உடைப் படத்தை யாரிடமும் சொல்லாமல் எடுத்துப் போய், வெட்டிப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். எங்கள் ஆட்கள் இறந்தவர்களுக்குச் செய்கிற பெரிய மரியாதை அது.

படத்தில் இருந்தது என் சிநேகிதி.

அந்தப் படம் எடுத்தபோது இவளுக்கு நீளப் பின்னல், இறந்தவளுக்கு ஒட்ட வெட்டிய தலை. இப்போது இவள் ஒட்ட வெட்டியிருந்தாள். கொஞ்ச நாளாகப் படியேறிப் போகிற ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்துப் பழகியவர், படத்திலும் அந்தத் தலைக்காரி உயிரோடு இருப்பவள், நீளப் பின்னல்காரி போய்விட்டவள் என்று முடிவு கட்டியிருக்கிறார். எங்களுக்கு ஒரு பெண்ணின் தலைமுடி என்றால் சாகும்வரை ஒன்றுதான்.

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. அண்ணன் வரிசையில் நின்ற அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"ஐயோ முருகா" என்றார். மாலையைக் கழற்றப் போனதில் சட்டம் சாய்ந்தது.

அவள் முன்னால் வந்து படத்தைத் தாங்கிக்கொண்டாள். மாலை போட்ட தன் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவள் மாதிரி. பாட்டு மட்டும் யாருடைய சம்மதமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இந்தப் பிற்பகலைக் கலைத்துவிடுவாள், இறந்தவளுக்குச் செய்ய நினைத்தது செய்யப்படாமலேயே இவள் விமானம் ஏறிவிடுவாள் என்று நான் நினைத்தேன்.

"நிஜப் பூவா, அண்ணா?"

"கோயிலுக்குப் பக்கத்துக் கடையில வாங்குனேம்மா. மன்னிச்சிரும்மா, தாயி." அவர் அழுதுகொண்டிருந்தார்.

"எங்க தலை மாசாமாசம் மாறும், அண்ணா. மூஞ்சியப் பாக்கணும்."

விக்கல் மாதிரி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. பிறகு இன்னொன்று. அது சிரிப்பு என்று புரிய எங்களுக்குக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் கூடம் முழுக்கச் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து. மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே படிக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது செருப்பு கையில் இருந்தது. முதுகைக் காட்டியபடி, பின்னோக்கி, அவளைப் போலவே இடுப்பை ஒடித்து ஆடிக்கொண்டு வந்தாள். மாலை முதுகுப் பக்கமாகப் புரண்டு கிடந்தது. கூரை அதிரத் தட்டினார்கள். வந்துகொண்டிருப்பது யார் என்று அந்த முகம் திரும்பும்வரை எனக்குத் தெரியவில்லை. இப்போதும் சரியாகத் தெரியாது. அழுதவர்கள் யாரையும் அவள் உருட்டிவிடவில்லை.

மறுநாள் அண்ணன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுத் திருநீறு கொடுத்தனுப்பினார். "அந்தப் பொண்ணு நெத்தியில பூசச் சொல்லுங்கக்கா, தோஷம் தங்கிரக் கூடாது." வேலையின் கடைசி நாள் முழுக்க அவள் அந்தத் திருநீற்றோடுதான் ஸ்கேனரைப் பிடித்தாள். அண்ணன் அதே வாரம் இறந்தவளின் படத்தையும் பெரிதாக்கி, அந்த மாலைக்குப் பதில் புது மாலை போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

தம்மாமிலிருந்து கொஞ்ச காலம் குரல் செய்திகள் வந்தன. பிறகு என் செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டும். "சிம்ம மாத்திருப்பாக்கா. இந்த ஊர்ல யாரு ஒரே நம்பர்ல இருக்கா?" என்று அண்ணன் சொல்வார். சொல்லும்போது மேலே, மாடிப் பக்கம் பார்ப்பார். நானும் பார்ப்பேன். அவருக்குள் ஓடுவதுதான் எனக்குள்ளும் ஓடுகிறது. இருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஞாயிறுகள் நடக்கின்றன. புதுத் தலைகள், புதுக் குரல்கள். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகும் வரிசையை உடனே கலைக்க விடமாட்டேன். ஒரு பாட்டு முடியும்வரை வாசலைப் பார்த்துத் தட்டுவோம். ஏன் என்று புதியவர்கள் கேட்டால், லேட்டாக வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பேன்.

அவள் கிளம்பிய அந்தச் செவ்வாய்க்கிழமை, விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றும் வேன் மெஸ் வாசலில் நின்றது. பயணத்துக்கென்று நைலான் முடி சேர்த்துப் புதிதாகப் பின்னியிருந்தாள், நீளமாக, படத்தில் இருந்த மாதிரியே. நுனிகள் இன்னும் ஈரம். கட்டிப்பிடித்தபோது அந்த வாசனை.

"என் போட்டோவ என்ன பண்ணீங்க?"

"அண்ணன் பயப்படறார். எடுத்து உள்ள வச்சிரலாமாங்கறார்."

"வேணாம். அவ பக்கத்துலயே மாட்டச் சொல்லு. ஒத்தையா தொங்குனா அவளுக்கு போரடிக்கும். எனக்குப் பூ மட்டும் போடாதீங்க."

"யல்லா, யல்லா!" என்று அவசரப்படுத்தி டிரைவர் ஹாரன் அடித்தான்.

வேனில் ஏறிக் கதவை இழுத்தவள், பாதியில் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினாள்.

"அக்கா, நான் வர லேட்டாகும். கை தட்டறத நிறுத்திராதீங்க."