தண்ணீர் பௌதி

கல்கத்தாவுக்குக் குடிவந்த எட்டாம் நாள் காலை, ஜலஜா குளியலறைக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. அது ஏழு நாளாகப் பழகிப்போன விஷயம்தான். ஆனால் அன்றைக்கு 'உஸ்'ஸென்று ஒரு சத்தம் கேட்டது. ஈர விரலைக் குழாயின் வாயில் வைத்துப் பார்த்தாள். விரல் நுனியைக் குழாய் மெல்ல உள்ளே இழுத்தது.

"ஏங்க, இங்க வாங்க. இந்தக் குழா மூச்சை உள்ள இழுக்குது!"

கணவன் வாஞ்சிநாதன் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தான். "அது மூச்சு இழுத்தா என்ன, ஏப்பம் விட்டா என்ன? எனக்கு ஆபீஸுக்கு நேரமாவுது. கீழே போய் ரெண்டு வாளி தூக்கிட்டு வாரேன்."

அவன் மத்திய அரசின் கப்பல் துறை அலுவலகத்தில் எழுத்தர். தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி 1994 ஜூனில் வந்தவன். வீடு கிடைத்தது பெஹாலாவில், ஒரு நாலடுக்குக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். மொத்தம் பதினாறு வீடுகள். அதற்குமேல் மொட்டைமாடி, மொட்டைமாடியில் ஒரு சிமெண்ட் தொட்டி. தரைக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்து மோட்டார் தண்ணீரை அங்கே ஏற்றும். அங்கிருந்து குழாய் வழியாக வீடுகளுக்கு இறங்கும்.

ஜலஜா பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். படித்து முடித்த மாசமே கல்யாணம். அதன்பிறகு பதின்மூன்று வருஷத்தில் அந்தப் படிப்பை அவளிடம் யாரும் கேட்டதில்லை, அவளும் தேடிப்போனதில்லை. மகள் சாதனாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததோடு சரி. ஆனால் அன்று காலை விரலை இழுத்த குழாய் அவளை விடவில்லை. அடுப்பில் சாதம் கொதிக்கும்போதும் அதுவே நினைவு. தண்ணீரைத் தரவேண்டிய குழாய் எதற்காகக் காற்றை இழுக்க வேண்டும்?

கட்டடத்தின் செயலாளர் பாக்சி பாபுவிடம் பதில் தயாராக இருந்தது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். தரைத்தள வீடு. அவர் வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வாளியைப் புரட்டிவிடும். "மோட்டார் கிழடாகிவிட்டது. துர்க்கா பூஜை முடிந்ததும் இதைப்போல இரண்டு மடங்கு பெரிய மோட்டார் போடப்போகிறோம். கமிட்டியில் பேசியாயிற்று" என்றார்.

ஜலஜா மறுநாள் மொட்டைமாடிக்குப் போனாள். இரும்பு ஏணியில் ஏறி, தொட்டி மூடியைத் தள்ளிப் பார்த்தாள். தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது. மூடியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். மோட்டாரின் வேலை தொட்டியை நிரப்புவதோடு முடிந்தது. தொட்டியோ நிறைந்திருக்கிறது. அப்படியென்றால் அதன்மேல் என்ன குற்றம்?

வீட்டுக்கு வந்து சாதனாவின் நோட்டின் பின்பக்கத்தில் படம் போட்டாள். தண்ணீருக்குப் பலம் உயரத்திலிருந்து வருகிறது. தரைத்தளக் குழாய் தொட்டிக்கு நாற்பதடி கீழே இருக்கிறது. அதனால் அங்கே அத்தனை வேகம். தன் வீட்டுக் குழாயோ தொட்டிக்கு ஏழெட்டு அடிதான் கீழே. இருக்கிற பலமே கொஞ்சம். காலையில் கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோரும் குழாயைத் திறந்தால், தொட்டியிலிருந்து இறங்கும் ஒற்றைக் குழாயில் தண்ணீர் பாய்ந்து ஓடும். அந்த ஓட்டத்துக்கும் குழாயின் உராய்வுக்குமே அந்த ஏழெட்டு அடிப் பலம் செலவாகிவிடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே போனால் குழாய் காற்றைத்தான் இழுக்கும், வேறென்ன செய்யும்?

பரீட்சையில் எழுதியது தன் குளியலறையில் நடக்கிறது என்று தெரிந்தபோது, ஜலஜாவுக்குத் தனியாக இருந்தபடியே சிரிப்பு வந்தது.

கட்டடத்துக்குக் குழாய் வேலை பார்ப்பவர் ஜேனா. ஒடிசாவின் கேந்திரபாடாக்காரர், வயது நாற்பதைத் தாண்டியவர். அந்த நகரத்தில் குழாய் வேலையில் பாதிப்பேர் அவர் ஊர்க்காரர்கள். ஜலஜா அவரைப் பிடித்து, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டாள்.

"தொட்டியிலேர்ந்து வெளியே வர்ற குழா எவ்வளவு அகலம்?"

"ஒண்ணேகால் இன்ச். ஆனா நடுவுல இருக்கற வால்வு முக்கால் இன்ச்தான். பழசு உடைஞ்சப்போ கெடைச்சதைப் போட்டேன்" என்றார் ஜேனா. சொல்லிவிட்டு, தப்புச் செய்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அந்தத் தொட்டி வாயையும் வால்வையும் ரெண்டரை இன்ச் ஆக்கி, மூணாம் மாடிக்குத் தொட்டியிலேர்ந்தே தனிக் குழா இறக்கினா?"

ஜேனா பீடியைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "தண்ணி வரும். என் கைக்குத் தெரியுது. ஆனா பாபு கேட்டா ஏன்னு சொல்ல எனக்குத் தெரியாது."

"ஏன்னு நான் சொல்லுதேன்."

சொல்லவேண்டிய இடம் பூஜை கமிட்டிக் கூட்டம். அது கூடியது செப்டம்பரில், துர்க்கா பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது. தரைத்தள வாசலில் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜலஜா ஒரு முக்காலியும் பிளாஸ்டிக் வாளியும் கொண்டுவந்து வைத்தாள். வாளியின் அடியில் துளை போட்டு, மருந்துக்கடையில் வாங்கிய குளுக்கோஸ் ஏற்றும் குழாயைச் செருகியிருந்தாள். வண்ண மீன் கடையில் வாங்கிய மும்முனை இணைப்புகள் இரண்டை நடுநடுவே பொருத்தியதால், அந்தக் குழாய் கீழே இறங்கும் வழியில் மேல், நடு, அடி என்று மூன்று வாய்களாகப் பிரிந்தது. வாளித் தண்ணீரில் நீல மை.

"பௌதி, இது என்ன, ஆஸ்பத்திரியா?" என்று யாரோ கேட்கவும் சிரிப்பு எழுந்தது. பௌதி என்றால் அண்ணி. அந்த ஊரில் கல்யாணமான பக்கத்துவீட்டுப் பெண் எல்லோருக்கும் பௌதிதான்.

ஜலஜா மேல் வாயைத் திறந்தாள். நீலத் தண்ணீர் மெல்லியதாக விழுந்தது. "இது எங்க மூணாம் மாடி. இப்போ பாக்சி பாபு வீட்டுக் குழாயைத் திறக்கறேன்" என்று வங்காளியில் தடுமாறிச் சொல்லி, அடி வாயைத் திறந்தாள். கீழே தண்ணீர் பாய்ந்தது. மேலே விழுந்துகொண்டிருந்த இழை மெலிந்து, சொட்டாகி, நின்றது. பிறகு அந்த மேல் வாய் வழியாகச் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் உள்ளே புகுந்து, நீலத் தண்ணீரோடு கீழே ஓடத் தொடங்கின.

"அட, காத்து உள்ளே போகுது!" என்று மூன்றாம் மாடிக்காரர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

"வாளியில தண்ணி நிறையத்தான் இருக்கு. இன்னும் பெரிய மோட்டார் போட்டு இன்னும் நிறைச்சா என்ன ஆகும்? வழிஞ்சு தரையில ஓடும்."

பிறகு வாளிக்கும் முதல் இணைப்புக்கும் நடுவிலிருந்த மெல்லிய குழாயைக் கழற்றி, கொஞ்சம் தடித்த குழாயை மாட்டினாள். அடி வாய் திறந்திருக்கும்போதே மேல் வாயிலும் தண்ணீர் விழுந்தது. குழாயின் அகலம் இரண்டு மடங்கானால் அதில் ஓடும் தண்ணீர் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஐந்தாறு மடங்கு ஆகும் என்று அவள் விளக்கியதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லோரும் குழாயைத் தாங்களே திறந்து மூடிப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள். பாக்சி பாபு குனிந்து குமிழிகளையே பார்த்ததில் மூக்குக்கண்ணாடி வாளிக்குள் விழுந்தது.

நீலம் சொட்டும் கண்ணாடியைத் துடைத்தபடி அவர் கேட்டார்: "உங்க பேர் என்ன சொன்னீங்க?"

"ஜலஜா."

"ஜொலொஜா!" அவர் தொடையில் தட்டினார். வங்காளியில் 'ஜொல்' என்றால் தண்ணீர். "பேரே தண்ணீரில் பிறந்தவள்! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மோட்டார் பேச்சையே எடுத்திருக்க மாட்டேனே."

பூஜை முடிந்த வாரம் ஜேனா தொட்டி வாயை அகலமாக்கி, வால்வை மாற்றி, தனிக் குழாயை இறக்கினார். மூன்றாம் மாடியில் தண்ணீர் கொட்டியது என்று சொல்ல முடியாது. ஆனால் நிற்காமல் வந்தது. வாஞ்சிநாதன் அன்று அரைமணி நேரம் குளித்தான். அதிலிருந்து தெருவில் அவளுக்குத் தண்ணீர் பௌதி என்ற பெயர் நிலைத்துவிட்டது. எங்கே குழாய் திக்கினாலும் ஜேனா அவளைக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு வீட்டில் குழாய் வளைவின் உச்சியில் காற்று தங்கி அடைத்திருந்தது. இன்னொரு வீட்டில் வால்வைச் சட்டென்று மூடும்போதெல்லாம் ஓடிவந்த தண்ணீர் மோதிச் சுவரே அதிர்ந்தது. பேய் என்று பயந்திருந்த அந்த வீட்டுக் கிழவருக்கு, ஓடுகிற தண்ணீருக்கும் எடை உண்டு, நிறுத்தினால் முட்டத்தான் செய்யும் என்று அவள் சொல்லிப் புரியவைத்தாள்.

ஒருமுறை மட்டும் நன்றாகத் தலைகுனிந்தாள்.

1999 மழைக்காலம். மூன்று நாள் விடாத மழை. தெருவை மேடாக்கி மேடாக்கிக் கட்டட முற்றம் பள்ளமாகியிருந்தது. முழங்காலளவு தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லை, மோட்டார் அறையும் முழுகிவிட்டது. பாக்சி பாபுவின் கட்டில் செங்கல்மேல் ஏறியது. முற்றத்துக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு அப்பால் கால்வாய். மழை விட்ட காலையில் ஜலஜா மாடியிலிருந்து பார்த்தாள். கால்வாயில் தண்ணீர் முற்றத்தைவிட இரண்டடி கீழே இருந்தது.

ஜேனா இரண்டு அங்குல ரப்பர் குழாய் மூன்று கொண்டுவந்தார். வாசலில் மணல் மூட்டை அடுக்கித் தெருத் தண்ணீர் உள்ளே வராமல் தடுத்தார்கள். குழாய்களைத் தண்ணீருக்குள் அமுக்கி முழுக்க நிரப்பி, இரு முனையையும் அடைத்து, சுவர்மேல் போட்டு, ஒரு முனை முற்றத்திலும் மறுமுனை கால்வாய்த் தண்ணீருக்குள்ளுமாக இறக்கித் திறந்தார்கள். தண்ணீர் ஐந்தடிச் சுவரைத் தானே ஏறி இறங்கிக் கால்வாய்க்குள் ஓடியது.

"மோட்டாரே இல்லாம மேலே ஏறுதே!" என்றார் பாக்சி பாபு.

"அந்தப் பக்கம் இறங்கற தண்ணி இந்தப் பக்கத் தண்ணியை இழுக்குது. காத்து புகுந்தாத்தான் அறுந்துபோகும்."

மூன்று மணி நேரத்தில் கணுக்காலளவுக்கு இறங்கிவிட்டது. எல்லோரும் கிச்சடி பொங்கிச் சாப்பிட்டார்கள். ஜலஜாவும் மனநிறைவோடு சாப்பிட்டுவிட்டு, இரண்டு நாள் அசதி தீரப் படுத்தாள். சாதனா வந்து உலுக்கினபோது மணி நாலு.

"அம்மா, ஓடி வா! தண்ணி திரும்பி வந்துடுச்சு!"

முற்றத்தில் மறுபடி முழங்காலளவு. மழை ஒரு துளி இல்லை. கால்வாய் ஆற்றோடு சேர்ந்தது. மத்தியானம் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஓதம் ஏறியதும் கால்வாயும் ஏறி, முற்றத்தைவிட உயர்ந்துவிட்டது. அதே குழாய்கள் அதே ஒழுங்கோடு தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டின. உயரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்து ஓடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் தூங்கிப்போனாள்.

அவள் பாக்சி பாபுவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவரோ செங்கல்மேல் ஏறிய கட்டிலில் காலை மடித்து உட்கார்ந்து, "பரவாயில்லை, கால்வாய் மீன் இரண்டு வந்திருக்கிறது" என்றார். அந்தப் பெருந்தன்மைதான் அவளை அதிகம் சுட்டது.

மறுநாள் பள்ளத் தெருக்களில் இடுப்பளவு நனைந்துகொண்டு ஆபீஸுக்குப் போன வாஞ்சிநாதன், திரும்பும்போது சட்டைக்குள் பிளாஸ்டிக் பையில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். ஆற்றில் எந்த நாளில் எத்தனை மணிக்கு ஓதம் ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்ற அட்டவணை. கப்பல்காரர்களுக்காக அச்சடித்தது.

"நாளைக்கு விடியக்காலம் மூணு மணியிலேர்ந்து வத்தும். பதினொண்ணுக்கு மேல ஏறும். பத்தரைக்குக் குழாயை எடுத்திருங்கன்னு ஜேனாகிட்ட சொல்லு. இங்க நம்ம கால்வாய்க்கு வரக் கொஞ்சம் பிந்தும். ஆனா நீ பத்தரையிலேயே எடுத்திரு."

"இதுல இவ்வளவு விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"அஞ்சு வருஷமா இதைத்தானே ஃபைல்ல கட்டுதேன். நீ கேக்கலை, நான் சொல்லலை."

மறுநாள் பத்தரைக்கு ஜலஜாவே சுவரருகில் நின்று மூன்று குழாய்களையும் தூக்கினாள். முற்றத்தில் சேறுதான் மிச்சம். பெண்கள் துடைப்பத்தோடு இறங்கினார்கள்.

அதற்குப்பின் அந்த நகரத்தில் கட்டடங்கள் வேகமாக வளர்ந்தன. ஜேனா பீடியை விட்டார், மோட்டார் சைக்கிள் வாங்கினார், ஒப்பந்தக்காரர் ஆனார். ஏழு மாடிக்குக் குழாய் போடும் வேலை வந்தபோது, வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு ஜலஜாவின் சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். எந்த மாடிக்கு எத்தனை அகலக் குழாய், எத்தனை வளைவு, ஒவ்வொரு வளைவிலும் எவ்வளவு பலம் வீணாகும் என்று அவள் பென்சிலால் குறித்துக் கொடுத்தாள். முதலில் ஜாதவ்பூரில் ஒரு கட்டடம். பிறகு கரியாவில் இரண்டு. 2002-இல் ஜேனா தன் கடைப் பலகையை மாற்றி எழுதினபோது, தன் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் வங்காளியில் எழுதியிருந்தார். அவளைக் கேட்கவே இல்லை. சாதனாதான் கல்லூரியிலிருந்து வரும் வழியில் படித்துவிட்டு வந்து சொன்னாள். ஜலஜா அன்று மாலையே போய்ப் பலகைக்கு எதிர்ப்பக்கம் நின்று, எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துவிட்டு வந்தாள்.

2004 மார்ச்சில் வாஞ்சிநாதனுக்குச் சென்னைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. எட்டு வருஷமாக அவன் எழுதிப்போட்ட விண்ணப்பத்துக்குக் கிடைத்த பதில். உத்தரவை மேஜைமேல் வைத்தான். அங்கே விரிந்திருந்த வரைபடத்தின் மேல்தான் வைக்க இடம் இருந்தது.

ஜலஜா படித்தாள். "எப்போ சேரணும்?"

"ஒரு மாசத்துக்குள்ள." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "சந்தோஷமா இல்லியா?"

"சாந்த்ராகாச்சியில ஒரு வேலை ஒத்துக்கிட்டிருக்கேன். அறுபது வீடு." பென்சிலைக் கீழே வைத்தாள். "இல்ல, அது காரணமில்ல. அதை ஜேனா பாத்துக்குவார். எனக்கு இங்கேயே இருக்கணும்போல இருக்குங்க. அவ்வளவுதான்."

கீழே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். பிறகு அவன் உத்தரவை எடுத்து நான்காக மடித்தான்.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்தா இன்னொருத்தன் சந்தோஷமாப் போவான். எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ். அதுவரைக்கும் இந்த ஊரு என்னைத் தாங்கும்." மடித்ததைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னான்: "ஆனா ஒண்ணு. ஊர்ல மாமா கேட்டா, உனக்காகத்தான் இருந்தேன்னு சொல்லுவேன். பழி உம்மேலதான்."

"சொல்லிக்கோங்க. பொய் இல்லியே."

மறுநாள் காலை ஜேனா மோட்டார் சைக்கிளில் வந்து கீழே ஹாரன் அடித்தார். ஜலஜாவுக்கு அதில் ஏறப் பயம். "நீங்க முன்னால போங்க, நான் பஸ்ல வாரேன்" என்று மாடியிலிருந்தே சொல்லிவிட்டு, வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். பஸ் ஹூக்ளிப் பாலத்தில் ஏறியபோது ஜன்னலோர இடம் கிடைத்தது. வெயில் ஏறவில்லை. மடியில் வரைபடத்தை விரித்து, மூன்றாவது மாடி வளைவை அழித்துப் பென்சிலால் திரும்பப் போட்டுக்கொண்டே அவள் சாந்த்ராகாச்சி போய்ச் சேர்ந்தாள்.