துறைமுகத்தடி ஹோலில் குண்டு விழுந்த காலை

போன கிழமை உப்புவெளியில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்துச் சிவப்புத் திரையை யாரோ உதறினார்கள். அந்தப் பழந்தூசி மணம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கறி உறைப்போ என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். ஓம் என்று சொல்லிவைத்தேன்.

அது துறைமுகத்தடி ஹோலின் மணம். விக்டோரியா மகாராணி காலத்தில் கப்பல்காரர் பாடி ஆடவென்று வெள்ளைக்காரர் கட்டிய அரங்கு. இரும்புத் தூண்கள், வளைந்த பல்கனி, மேடையில் சிவப்புத் திரை, கூரையெல்லாம் சுண்ணாம்புப் பூக்கள். பிறகு எங்கள் ஆட்களின் நாடகமும் அதில் மேடையேறியது. இரண்டாம் உலக யுத்தம் வந்து துறைமுகம் கடற்படையால் நிறைந்தபோது மறுபடியும் இங்கிலீசுப் பாட்டு. நான் டிக்கட் விற்றேன். முதல் உத்தியோகம் என்ற மிதப்பில் கழுத்துப்பட்டி வேறு. பிலோமினா அக்கா இரண்டு பாஷையிலும் பாடுவார். அப்போது அவருக்கு வயிற்றில் பிள்ளை. புருஷன் சூசைக்குத் துறைமுகத்துக்குள், கப்பலெண்ணெய் நிரப்பிய தாங்கிப் பக்கம் வேலை.

அன்று காலை அக்கா பாடிப் பழகிக்கொண்டிருக்கையில் அபாயச் சங்கு ஊதியது. மேடைக்குக் கீழிருந்த அறைக்குள் ஓடினோம். முதல் குண்டுக்கு நிலம் உதறியது. இரண்டாவதுக்குக் கூரைப் பூக்கள் மேடையில் விழுந்து நொறுங்கின. பல் அடிக்கிற சத்தம் யாருடையது என்று பார்த்தேன்; என்னுடையதுதான்.

பலகை இடுக்கால் எண்ணெய்ப் புகை வந்தது. அக்கா எழும்பினார்.

"தாங்கி எரியுது. நான் போறன்."

"இப்ப வெளிய போக ஏலாது அக்கா."

"அவர் அங்க. நான் இஞ்ச இருந்து என்ன செய்ய?"

கையைப் பிடித்தேன். உதறிவிட்டு ஏறிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஹோலிலேயே ஒரு குண்டு விழ, பல்கனி இடிந்து வாசலில் விழுந்த சத்தம் கேட்டது.

விமானங்கள் போனபின் பின்பக்கத்தால் வெளியே வந்தோம். உடம்பெல்லாம் கரியாகச் சூசை வந்து நின்றார். ஹோலில் குண்டு விழுந்ததென்று கேள்விப்பட்டு ஓடிவந்தவர். அக்கா எங்கே என்று கேட்டார். வாசலால் போனவர் என்று மட்டும் சொன்னேன். பல்கனி இடிவதற்கு முன் வெளியே போய்ச் சேர்ந்தாரா என்று எனக்கே தெரியாது. அவர் கையாலேயே கல்லைப் பிரட்டத் தொடங்கினார். நாங்களும் பிரட்டினோம். நகம் கிழிந்தும் அவர் நிறுத்தவில்லை.

"ஆரைத் தேடுறீங்கள்?"

பின்னால் அக்கா நின்றார். துறைமுக வாசலில் சிப்பாய்கள் மறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சூசை அந்தக் கற்குவியலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றே ஊரோடு ஊராக அவர்களும் வயல் சூழ்ந்த தம்பலகாமத்துக்கு மாட்டுவண்டியில் போனார்கள். ஹோல் பிறகு திறக்கவேயில்லை. யுத்தம் முடிந்து தூணும் கல்லும் ஏலத்தில் போயின. இன்று அங்கே லொறிகள் நிற்கின்றன.

சில வருடம் கழித்துத் தம்பலகாமத்துச் சந்தையில் மகளோடு வந்த அக்காவைக் கண்டேன். இப்போதும் பாடுகிறீர்களோ என்று கேட்டேன்.

"அந்த ஹோலில பாடினா சத்தம் எங்களிட்டத் திரும்பி வரும் தம்பி. வயல்வெளியில அது போகுது. திரும்பி வாறேல்லை."