தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

யாத்திரை முழுவதும் அக்காவுக்குப் போன் வந்தபடியே இருந்தது. அடித்ததும் எழும்பி, பஸ்ஸின் பின் இருக்கைக்குப் போய்விடுவாள்.

“ஆர் அக்கா போன்ல?”

“ஒண்டுமில்ல புள்ள, மகள்தான்.”

ஒன்றுமில்லாததற்கு யாராவது எழும்பிப் போவார்களா?

வீட்டிலும் நாங்கள் பக்கத்துப் பக்கம்தான். அம்மாவின் வளவுக் காணியை இரண்டாக வெட்டி எங்களுக்குச் சீதனமாகத் தந்தார்கள். நடுவில் கிடுகு வேலி. அதில் ஆள் நுழைகிற ஒரு கடப்பு. கறிச்சட்டி, பிள்ளைகள், சண்டை எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வரும். இந்த வருடம் அக்காவின் மகளைக் கட்டி, களுவாஞ்சிக்குடி மருமகன் அந்த வீட்டுக்கு வந்தார். வந்த கிழமையே வேலியை ஏற இறங்கப் பார்த்தார். கடப்பை அடைக்கப்போகிறார்கள் என்று எனக்கு அன்றைக்கே பட்டுவிட்டது.

காசி முடிந்த பிறகு ராஜஸ்தானுக்கும் கூட்டிப்போய் ஒரு மலைக்கோட்டையைக் காட்டினார்கள். ராஜபுத்திர அரசர்கள் கட்டியது. சும்மா சொல்லக்கூடாது, ஒருவரையும் நம்பாமல் கட்டியிருந்தார்கள். வாசலைத் தாண்டினால் இன்னொரு வாசல். ஒவ்வொரு வாசலுக்கு முன்னும் பாதை வெடுக்கென்று திரும்பியது. யானை ஓடிவந்து முட்ட இடம் கிடைக்கக்கூடாதாம். கதவில் யானையின் நெற்றி உயரத்துக்கு இரும்பு முள். மதிலோ குதிரைகள் வரிசையாகப் போகிற அகலம். அரண்மனைக்குள் குனிந்தால்தான் நுழையலாம். வருகிறவன் முதலில் தலையை நீட்டட்டும் என்று. எனக்கு அந்த அரசர்களைப் பிடித்துப்போனது.

“இவ்வளவு பண்ணியும், கட்டின ராஜாவைக் கொன்னது எதிரி இல்லீங்க, சொந்த மகன்,” என்றார் எங்களைக் கூட்டிவந்த சென்னை வழிகாட்டி.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கதவைத் தடவிக்கொண்டு நின்றாள்.

“தம்பி, இதுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?”

“உள்பக்கந்தாம்மா. மூடுறதும் தொறக்கிறதும் உள்ள இருக்கறவங்க இஷ்டம்.”

“ஓம், அதான்,” என்று தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு பெரிய கோட்டையில் கேட்பதற்கு வேறு கேள்வியே இல்லையா இவளுக்கு?

ஊருக்கு வந்து பார்த்தால், நினைத்தது சரி. வேலி இல்லை. ஆளுயரத்துக்கு மேல் கல் மதில். பூச்சு இன்னும் காயவில்லை. கடப்பு இருந்த இடத்தில் ஒரு தகரக் கதவு. பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல், “அக்கா!” என்று கத்தினேன்.

“மருமகன் மதில் வேணுமெண்டார், கட்டிட்டார்,” என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “கதவு நான் போன்ல சொல்லி வெச்சது. கத்தாம அதப் பாருகா.”

பார்த்தேன். தாழ்ப்பாள் என் பக்கம் இருந்தது.

அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கதவைத் திறந்து, அவள் பக்கத்தையும் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தேன். வெறும் தகரம். பூட்டுப் போட ஒரு வளையம்கூட இல்லை.

“என்ன புள்ள தடவுறாய்?”

“ஒண்டுமில்ல அக்கா,” என்றேன். அழுகை வந்துவிட்டது.