தகரமும் தாலியும்

மெட்டல் டிடெக்டரை நான் வாங்கியது பொழுதுபோக்குக்காகத்தான். வட்டகொடைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டு, பெல்ட் மாற்றுகிற வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ய ஒன்றும் இருக்காது. வெளிநாட்டுக்காரர்கள் வயல்களில் நடந்து பழைய காசு தோண்டும் வீடியோக்களை போனில் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. தலவாக்கலையில் போன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் மலிவான ஒன்றை வரவழைத்துத் தந்தார். ஒரு தடி, அதன் அடியில் தட்டு மாதிரி ஒரு வட்டு, மேலே ஊசி ஆடும் சின்னப் பெட்டி. கண்ட இடத்தில் இதோடு திரிந்தால் புதையல் தோண்டுகிறவன் என்று பொலிஸில் பிடித்துக்கொள்வார்கள் என்று எச்சரித்துத்தான் கொடுத்தார்.

நான் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே இருந்த மைதானத்தில் பழகினேன். முதலில் புல் வெட்டுகிற மாதிரி வேகமாக வீசினேன். ஒன்றும் அகப்படவில்லை. வட்டைத் தரையோடு ஒட்டினாற்போல, மெதுவாக, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி விழும்படி ஆட்ட வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. பத்து ரூபாய்க் காசு ஒன்றைப் புதைத்து, அதன் சத்தத்தைக் காதுக்குப் பழக்கினேன். கிடைத்ததெல்லாம் சோடா மூடியும் ஆணியும். பறித்த கொழுந்தை நிறுத்துவிட்டு ஏறி வரும் என் அக்கா நின்று பார்ப்பாள். மூடி பொறுக்கவா மிஷின் வாங்கினாய் என்று ஒருநாள் கேட்டாள்.

அக்காவும் அவள் புருஷனான மச்சானும் கீழ் லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. மிஷின் வாங்கிய வருடம் நான்கு நாட்கள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் பகல், மச்சான் மாவு வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, பின்னால் இருந்த மேடு சரிந்து கடைசி இரண்டு காம்பராக்களையும் மூடியது. அடுத்த காம்பராப் பெண்ணை அன்றைக்கே உயிரோடு இழுத்து எடுத்தார்கள். அவள் புருஷன் இறந்துபோனார். அக்காவை மறுநாள்தான் எடுக்க முடிந்தது.

அவள் கழுத்தில் தாலி இல்லை. மண் இழுத்த இழுப்பில் கயிறு அறுந்திருக்க வேண்டும். லயத்துப் பெண்கள் ஒரு மஞ்சள் கிழங்கை நூலில் கோத்துக் கட்டி அடக்கத்துக்கு அனுப்பினார்கள். நான் நாற்காலி அடுக்கினேன், வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். அழவில்லை. எல்லாம் தூரத்தில், யாருக்கோ நடப்பது போல இருந்தது. மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன்.

மச்சான் என்னோடு வந்து தங்கினார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மூன்று மாதம் கழித்து, ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"மாப்ள, ஒன் மிஷின் தங்கத்தக் காட்டுமா?"

"காட்டும் மச்சான். ஆனா அங்க பூராவும் தகரம்."

"தாலி இல்லாம அனுப்பிட்டேன்" என்றார்.

கிராம சேவகரிடமும் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடமும் சொல்லிவிட்டுத்தான் சரிந்த இடத்தில் தேடத் தொடங்கினோம். அப்படியும் முதல் ஞாயிறே யாரோ சொல்லி ஒரு பொலிஸ்காரர் வந்தார். சிங்களத்தில் விளக்கினேன். சரிந்த மேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மழை விழுந்தால் உடனே மேலே ஏறிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொடிக் கயிற்றைக் கட்டி இடத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டோம். நான் வட்டை ஆட்டுவேன், சத்தம் வந்த இடத்தை மச்சான் மம்பட்டியால் கிளறுவார். கூரைத் தகரமும் ஆணியும் அடிக்கொரு தரம் கத்தின. இரும்பைக் காட்டாமலிருக்க ஒரு திருகு உண்டு. அதைக் கூட்டினால் மெல்லிய தங்கமும் சேர்ந்து மறைந்துவிடும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அதனால் திருகைத் தொடவில்லை. எல்லாச் சத்தத்துக்கும் தோண்டினோம். குக்கர் மூடி, குடைக் கம்பி, டோர்ச் பெற்றரி, தேயிலைச் செடி வெட்டும் அக்காவின் கவ்வாத்துக் கத்தி. கத்தியை மச்சான் துடைத்து மற்றதுகளோடு அரிசிச் சாக்கில் போட்டார். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். காதில் சத்தம் மட்டும் இருக்கும். வேறெதையும் நினைக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது ஞாயிறு, முன்வாசல் இருந்த பக்கத்தில், சின்னதாக, நின்று நிதானமாக ஒரு சத்தம் வந்தது. முழங்கை ஆழத்தில் மச்சான் கையை விட்டு மண்கட்டியை எடுத்து உடைத்தார். மஞ்சள் நூலின் ஒரு துணுக்கும் தங்கத் தாலிப் பொட்டு ஒன்றும் இருந்தன. தண்ணீர் ஊற்றிக் கழுவினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அவளுது இல்ல. அவளுதுல அம்மன் இருக்கும்."

அதில் பிள்ளையார் இருந்தார். அடுத்த காம்பராப் பெண்ணுடையது.

அவள் அக்கரப்பத்தனைப் பக்கம் தன் தம்பி வீட்டில் இருந்தாள். அடுத்த வாரம் பஸ் ஏறிப் போனோம். கொழுந்து மலையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். மச்சான் தாளில் மடித்ததைப் பிரித்துக் காட்டினார். அவள் வாங்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத என் கழுத்துலேருந்து யாரும் கழட்டலண்ணே. அதுவா போயிருச்சு. அந்தச் சடங்கு எனக்கு இல்லாமப் போச்சேன்னு ஒரு ஆறுதலா இருந்துச்சு."

திரும்பக் கொண்டுபோகட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம், சாமி படத்துக்குக் கீழே வையுங்கள் என்றாள். வைத்தோம். எங்களை உட்காரவைத்துச் சோறு போட்டாள். நல்ல பசி, இரண்டு பேரும் மறுசோறு வாங்கித் தின்றோம். அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அந்தத் தோட்டத்தில் கொழுந்து எப்படி, இப்படியே பேச்சு போனது.

திரும்பும் பஸ்ஸில் மச்சான் சன்னலோரம் இருந்தார். பனி இறங்கி வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"போதும் மாப்ள" என்றார். "அவளுதும் அதுவா போனதுதானே. அங்கயே கெடக்கட்டும்."

சரி என்றேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவர் முகத்திலும் துக்கமென்றோ நிம்மதியென்றோ எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

அடுத்த ஞாயிறு வழக்கமான நேரத்துக்கே விழிப்பு வந்தது. மச்சான் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போயிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கட்டிலிலேயே இருந்தேன். பிறகு எழுந்து, ஊறப்போட்டிருந்த அவருடைய சட்டைகளையும் என்னுடையதையும் எடுத்துத் துவைக்கத் தொடங்கினேன்.