ஏரிக்கரை ஸ்டேஷனில் இறங்காமல் வந்தது

போன வருடம் ஐரோப்பாவுக்குப் போய்வந்தோம் என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்னும் சிலர் நம்புவதில்லை. ஊரப்பாக்கத்தில் வீடு, குரோம்பேட்டையில் கார் சீட் கவர் தைக்கும் கடை, ஒன்பதாம் வகுப்போடு நின்ற படிப்பு. இவன் எங்கே அங்கே போனான் என்று அவர்கள் நினைப்பதில் தப்பில்லை. மகள் ஜெர்மனியில் வேலைக்குப் போனதால் வாய்த்த பயணம் அது. அவளோடு சில நாட்கள் இருந்துவிட்டு, நானும் என் மனைவியும் மட்டும் சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலி வரை ரயிலில் போய்த் திரும்புவது என்று மகள் திட்டம் போட்டாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு வெகு நாள் முன்பே அவள் போனில் கேட்டாள், ரயில் பாஸ் வாங்கட்டுமா, இல்லை ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக டிக்கெட் போடட்டுமா என்று. பாஸ் இருந்தால் எந்த வண்டியில் வேண்டுமானாலும் ஏறலாம், நடுவில் இறங்கி ஊரைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் போகலாம். தனி டிக்கெட்டை முன்கூட்டியே போட்டால் மலிவு, ஆனால் அதில் போட்டிருக்கும் வண்டிக்கு மட்டும்தான் செல்லும். பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், எங்களுக்கு எது வசதியோ அதைச் சொன்னால் போதும் என்றாள்.

பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "பாஸே வாங்கச் சொல்லுங்க. புடிச்ச எடத்துல எறங்கலாம்ல" என்றாள். புடவைக் கடையில்கூட எனக்கு இதுதான் வேண்டும் என்று கேட்கிறவள் இல்லை அவள். அன்றைக்கு அது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

என் மனது வேறு கணக்கில் இருந்தது. இத்தனை வருடமாக மின்சார ரயிலில் சீசன் டிக்கெட்டோடு போய்வருகிறவன் நான். சீசன் வைத்திருப்பவனுக்கு வண்டியில் ஏற உரிமை உண்டு, உட்கார உரிமை கிடையாது. பாஸில் சீட் உண்டா என்று மகளிடம் கேட்டேன். சில வேக வண்டிகளுக்கு மட்டும் தனியாக சீட் பதிவு செய்ய வேண்டும், மற்றதில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றாள். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றால், இடம் பிடிக்க முதலில் ஓடுகிறவனுக்குத்தான் இடம். எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தீபாவளிக்கு மாமனார் ஊருக்குப் போக, தாம்பரத்தில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினோம். விழுப்புரம் தாண்டியும் என் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கழிவறைக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். இனி ஒருமுறையும் இவளை நிற்க வைத்துக் கூட்டிப்போகக் கூடாது என்று அன்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வெயிட்டிங் லிஸ்ட் என்றால் பயணத்தையே ரத்து செய்துவிடுவேன்.

"அப்பா, அங்க வெயிட்டிங் லிஸ்ட்டே கெடையாதுப்பா. பாதி வண்டி காலியாத்தான் போவும்" என்று மகள் சொல்லிப் பார்த்தாள். காலியாகப் போகும் ரயிலை நான் பார்த்ததில்லை.

தினமும் என்னோடு மின்சார ரயிலில் வரும் நண்பனிடம் யோசனை கேட்டதுதான் மிச்சம். "இன்னா மச்சான், வெள்ளக்காரன் ஊர்லயும் சீசன் எடுத்துகினு ஃபுட்போர்டுல தொங்கப் போறியா?" என்றான். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அன்று சாயங்காலமே மகளிடம் தனி டிக்கெட்டே போடச் சொல்லிவிட்டேன். பாஸ் என்றால் போனில் தினமும் எதையோ பதிய வேண்டுமாம், அது வேறு பயம். டிக்கெட்டில் தேதி, நேரம், பெட்டி எண், சீட் எண் எல்லாம் இருக்கும். ஆங்கிலம் தடுமாறினாலும் எண்களை எந்த நாட்டிலும் படித்துவிடுவேன்.

இத்தாலிக்குப் போகும் வண்டியில் எங்கள் பெட்டியில் எங்களைத் தவிர நாலைந்து பேர்தான் இருந்தார்கள். எண்ணைப் பார்த்து எங்கள் சீட்டைக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் ஜன்னல் பாதிதான் வந்தது, மீதி சுவர். எதிர்வரிசையில் முழு ஜன்னல், அதற்கு வெளியே பெரிய ஏரி, ஏரிக்கு மேலே பனி மலை. அந்த சீட்டுகள் காலி. காலடியில் நாயோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், இங்கே வாருங்கள் என்று கையைக் காட்டினார். அடுத்த ஸ்டேஷனில் அந்த சீட்டுக்காரர்கள் வந்து எழுப்பினால் என்ன மொழியில் பதில் சொல்வது? தலையாட்டி மறுத்துவிட்டேன். என் மனைவி கொஞ்ச நேரம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், அப்புறம் எழுந்துபோய்க் கதவோரம் நின்று பார்த்தாள்.

ஏரிக்கரையிலேயே ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. பெயர்ப்பலகையை எனக்குப் படிக்க வரவில்லை. பிளாட்பாரத்துக்குக் கீழே ஒரு படித்துறை, ஒரு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்து, "ஏங்க, இங்க எறங்கிக்கலாமா? தண்ணியில கால் வெச்சிட்டு அடுத்த வண்டில போலாம்" என்றாள்.

டிக்கெட் இந்த வண்டிக்கு மட்டும்தான் செல்லும் என்றேன். அவளும் சரி என்றாள். முகம்கூட மாறவில்லை. வண்டி என்ன காரணமோ அங்கே வெகுநேரம் நின்றது. ஒவ்வொரு நிமிடமும் இதோ கிளம்பிவிடும் என்று நான் டிக்கெட் ஃபைலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசி வரை அந்தக் காலி சீட்டுகளுக்கு யாரும் வரவில்லை.

பயணம் எப்படி இருந்தது என்று மகள் கேட்டபோது என் மனைவி என்னைக் குறையே சொல்லவில்லை. அப்பா எல்லாத்தையும் கரெக்டா பார்த்துக்கிட்டார் என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் மகள் மறுபடி கூப்பிட்டாள். இந்த வருடமும் வாங்க, இந்தத் தடவை உங்களைக் கேட்கப்போவதில்லை, பாஸ்தான் என்றாள். நான் உடனே சரி என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, "அப்பா மட்டும் வரட்டும்மா. நான்தான் பார்த்துட்டேனே" என்று போனைப் பார்த்துச் சொன்னாள்.

போனை வைத்த பிறகு அவள் எதிரே உட்கார்ந்து, வா, இந்தத் தடவை நீ சொல்ற ஸ்டேஷன்லதான் இறங்குவோம், அந்த ஏரிக்கரைக்கே போகலாம் என்றேன்.

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யோசித்துப் பார்த்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னாள்.

"எங்க எறங்கணும்னு நான் முன்னாடியே நெனச்சா வெச்சிருந்தேன்? அன்னிக்குப் பார்த்ததும் தோணுச்சு, கேட்டேன். இப்ப ஒண்ணும் தோணலைங்க."

நான் மட்டும் வருவேனா என்று மகளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.