திருத்தி வாசிக்கவும்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்னும் தடுமாற்றம் உண்டு. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிறர் படிப்பதற்கென்று என் வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் எழுதியிருக்கிறேன். அது ஒரு தபாலட்டை. இது இரண்டாவது.

எங்கள் வாசிகசாலை மலருக்கு அந்தக் கால வானொலியைப் பற்றி ஏதாவது தரும்படி மலர்க்குழுத் தம்பி கேட்டு மூன்று மாதமாகிறது. நான் கூட்டத்தில் எழும்பிப் பேச வெட்கப்படுகிறவன் என்பதால் எழுதித் தரச் சொன்னார். பகிடியாக எழுதலாம் என்றுதான் இருந்தேன். நாடகத்தில் பேய் சிரித்தபோது நான் அம்மாவின் சேலைக்குள் புகுந்தது, மரண அறிவித்தலில் தெரியாதவர்களின் பெயர்களைக் கேட்டும் அம்மா உச்சுக்கொட்டியது, இப்படி நிறைய இருந்தன. தபாலட்டைக் கதையையும் அந்தப் பகிடிகளோடு சேர்த்துவிடலாம் என்றே நினைத்திருந்தேன். போன மாதம் வரைக்கும்.

எங்களுடைய வானொலிப் பெட்டியை அப்பா பதுளையிலிருந்து கொண்டுவந்தார். அங்கே அவருக்கு ஒரு உடுப்புக் கடை இருந்தது. சித்திரை வருடப்பிறப்புக்கும் அம்மன் திருவிழாவுக்கும் மட்டும் புளியங்கூடலுக்கு வருவார். கடைக்கு என் பெயரைத்தான் வைத்திருந்தார். என் பெயர் ஒரு சாமியின் பெயர் என்பதால் பலகையில் எழுதுவதற்குப் பொருத்தமாக இருந்தது. நான் அந்தப் பலகையைக் கண்டதில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அதைப்பற்றிச் சொல்லாத நாளில்லை.

பின்னேரங்களில் வானொலியில் சிறுவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வார்கள். பிள்ளையின் பெயர், வயது, வாழ்த்துகிறவர்கள் என்று வரிசையாக வாசித்து ஒரு பாட்டுப் போடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு ஒருமுறை வந்தது. அதிலிருந்து அவன் எங்களோடு விளையாடும்போது தோற்பதற்குச் சம்மதிப்பதே இல்லை. எனக்கு ஒன்பது வயது வரப்போகும் நேரம், என்னையும் வானொலியில் வாழ்த்தவேண்டும் என்று அழுது பிடிவாதம் பிடித்தேன். அம்மா அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அனுப்புகிறேன் என்று அப்பாவிடமிருந்து பதிலும் வந்தது.

பிறந்தநாளன்று என் பெயர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. நானும் அம்மாவும் பெட்டிக்கு முன்னால் இருந்தோம். அறிவிப்பாளர் அக்கா அப்பாவின் பெயரை முதலெழுத்தோடு வாசித்தார். பதுளை என்றார். என் பெயரையும் வாசித்தார், ஆனால் கடையின் பெயராக. பிறந்தநாள் கொண்டாடுவது வேறு யாரோ. ஒரு பெண்பிள்ளையின் பெயர். வயது ஐந்து. வாழ்த்துகிறவர்கள் அப்பா, அம்மா, மாமா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா சரி, கடை சரி, ஊர் சரி. அம்மா எல்லா வீட்டிலும் இருப்பவர், அதுவும் சரி. பெயரையும் வயதையும் மட்டும் வேறு யாருடைய கடிதத்திலிருந்தோ மாற்றி வாசித்துவிட்டார்கள். என்னைப் பெட்டையாகவும் ஆக்கிவிட்டார்கள். அம்மாவைப் பார்த்தேன். அவர் வானொலியை நிறுத்தி, பின்மூடியைக் கழற்றி, பற்றறிகளை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"பற்றறி முடிஞ்சுது" என்றார். அவை போன கிழமைதான் வாங்கியவை.

நான் பிழையை அப்படியே விடுகிறவனாக இருக்கவில்லை. அப்பாவுக்கு எழுதவென்று அம்மா வாங்கி வைத்திருந்த தபாலட்டைகளில் ஒன்றை எடுத்தேன். நிகழ்ச்சியின் முகவரி எனக்கு மனப்பாடம். இப்படி எழுதினேன்: "வணக்கம். வெள்ளிக்கிழமை நீங்கள் வாசித்த வாழ்த்தில் பிழை உண்டு. பதுளையில் இருப்பது என் அப்பாவின் கடை. கடையின் பெயர்தான் என் பெயர். நான் ஆண்பிள்ளை. எனக்கு ஒன்பது வயது. என் அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. அடுத்தமுறை திருத்தி வாசிக்கவும்." கீழே என் முழுப்பெயரையும், அப்பாவின் பெயரையும், புளியங்கூடல் என்றும் எழுதினேன்.

வீட்டில் வானொலி பாடாதபடியால் தினமும் பின்னேரம் வாசிகசாலைக்குப் போனேன். அங்கே பெரியவர்கள் வானொலியைப் போட்டுவிட்டுச் சீட்டுக் கடதாசி விளையாடுவார்கள். அவர்களில் ஒரு சுருட்டுக்கடை அண்ணை, ஆரையும் பகிடி பண்ணாமல் விடமாட்டார்.

"என்னடாப்பா, ஒவ்வொரு நாளும் வந்து நிக்கிறாய்? ரேடியோவிலை உன்ரை கலியாணத்தை அறிவிக்கினமோ?"

"என்ரை பேர் வரும், அண்ணை" என்றேன்.

இரண்டு கிழமை கழித்து வந்தது. அறிவிப்பாளர் அக்கா சிரிப்போடு, ஒரு சின்னத் தம்பி எங்கள் பிழையைத் திருத்தியிருக்கிறார் என்று தொடங்கி, என் தபாலட்டையை ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிந்திய வாழ்த்துச் சொன்னார். எனக்காக ஒரு பாட்டுப் போட்டார். குழந்தைகள் கைதட்டிப் பாடும் பாட்டு. அந்தப் பாட்டு முடியும்வரை ஒருவரும் ஒரு துருப்பும் இறக்கவில்லை. தங்கள் கையிலிருந்த கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருட்டுக்கடை அண்ணை பாராட்டுவார் என்று நின்றேன். அவர் எழும்பி வந்து என் தலையில் கை வைத்தார்.

"வீட்டை போ, ராசா" என்றார். அவர் என்னை ராசா என்றது அதுதான் முதல் தடவை.

நான் ஓடினேன். அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நான் மூச்சுவாங்கச் சொல்லி முடித்தேன்.

"கார்டிலை என்ன எழுதினனி? முழுக்கச் சொல்லு."

பாடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னேன்.

"ஊர்ப்பேரும் எழுதினனியோ?"

"ஓம், அம்மா."

அவர் திருவுவதை நிறுத்தவில்லை. வெள்ளை முடிந்து, சிரட்டை முட்டி, தேங்காய்ப்பூ கறுத்து விழுந்தது. அன்று எங்களுக்குச் சம்பல் இல்லை.

அந்தச் சித்திரைக்கு அப்பா வரவில்லை. கடிதமும் வரவில்லை, காசும் வரவில்லை. அடுத்த வருடம் நான் பள்ளிக்கூடத்தை விட்டுச் சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா அங்கேயே தங்கிவிட்டார் என்று ஊர் சொன்னது. அம்மா என்னை ஒருநாளும் ஏசவில்லை. நான் வளர்ந்து, எல்லாம் விளங்கிய பிறகு, ஒரேயொரு தடவை சொன்னார்: "சித்திரைக்கு வரேக்கை நான் கேட்டிருப்பன். ஆருக்கும் தெரியாமல் கேட்டு முடிச்சிருப்பன்." இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம். அம்மா ஒவ்வொரு காலையும் குங்குமம் வைத்தார். அங்கேயாவது நல்லா இருக்கட்டும் என்பார். அம்மா போய் ஆறு வருடமாகிறது. குங்குமத்தோடுதான் போனார்.

நான் பகிடியாக எழுத இருந்தது இவ்வளவுதான். நாற்பது வருடம் போனால் எதையும் பகிடியாக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு பெண் பஸ்ஸில் வந்து, விசாரித்து விசாரித்து என் வீட்டுப் படலையில் நின்றார். கையில் ஒரு பை தோடம்பழம். நெற்றி அப்படியே அப்பாவின் நெற்றி. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது இதைத்தான்:

"எங்க கடைப் பேரு... நீங்கதானே, அண்ணே?"

கதிரையை எடுத்துப் போட்டேன். ரேடியோவில் சொன்ன ஊர்ப்பெயரைத் தன் தாய் சாகும்வரை மறக்கவில்லை என்றார். கடையின் பெயரைச் சாமியின் பெயர் என்றே நினைத்திருந்தார்களாம். என் தபாலட்டையை வாசித்த பின்னேரம் அவர்கள் வீட்டிலும் பெட்டி பாடிக்கொண்டிருந்ததாம். பிறகு அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"அப்பா இருக்காராண்ணே?"

"அதை நான் உம்மட்டைக் கேக்க இருந்தனான், தங்கச்சி" என்றேன்.

அவர் தோடம்பழப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். அந்தக் கிழமையே அவருடைய தாய் அப்பாவின் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்து, உங்க வீட்டுக்குப் போங்க என்று அனுப்பிவிட்டாராம். அப்பா மறுத்து ஒன்றும் பேசவில்லையாம். ஊரிலிருக்கும் பிள்ளைக்கென்று கடையிலிருந்து ஒரு நீலச் சட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாராம். அதற்குப் பிறகு அப்பா இங்கேதான் எங்களோடு இருக்கிறார் என்று நினைத்திருந்தார்கள். அவருடைய தாயும் பொட்டை அழிக்கவில்லை.

பதுளைக்கும் புளியங்கூடலுக்கும் இடையில் எத்தனை பஸ், எத்தனை சந்தி. அந்த நாட்களில் அந்த வீதிகள் எப்படி இருந்தன என்று இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீலச் சட்டையோடு அவர் எங்கே இறங்கினார், எங்கே இறக்கப்பட்டார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வீடுகளும் அவரைத் தேடவே இல்லை.

வாசிகசாலையில் என் பெயருக்காகக் காத்து நின்ற அந்தப் பின்னேரம், வானொலி புளியங்கூடலுக்குத்தான் பேசுகிறது என்று நினைத்தேன். அதே குரல் அதே நேரத்தில் இன்னொரு வீட்டிலும் கேட்கும், அங்கேயும் ஒரு பிள்ளை பெட்டிக்கு முன்னால் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மாசி மாதம் பதினெட்டாம் திகதி எழுதி முடித்தேன். என் பிறந்தநாள் முந்தாநாள் போய்விட்டது. இன்று தங்கச்சியின் பிறந்தநாள்.