பல்லுக்காரர் மாட்டிய பிரேக்

பல்லுக்காரருக்குப் பல் பிடுங்கத் தெரியாது. பிடுங்கி முடிந்த பிறகுதான் அவருடைய வேலை ஆரம்பம். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, முகத்தையே பார்த்திராத மனிதர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பார். இருபத்திரண்டு வருடத் தொழில். செட் என்றால் வாய்க்குள் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய் உட்கார வேண்டும், முரண்டு பிடித்தால் எங்கோ தப்பு என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிதான் அவர் காலை வாரிவிட்டது.

மேசையில் மகா பொறுமைசாலி. தன் காரைத் தொட்டால் மட்டும் மகா அவசரக்காரர். கார் அவரைவிட நான்கு வயது இளையது. நான்கு சக்கரத்திலும் அந்தக் காலத்து டிரம் பிரேக். வருடாந்தரத் தகுதிச் சோதனையில் பிரேக் பிடிக்கவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மூன்றாவது முறை. அதிலும் தோற்றால் பதிவு ரத்து, வண்டி நேராக மனைவியின் அண்ணன் பட்டறைக்குப் போகும். பழைய கார்களைப் பிரித்து விற்பது மச்சான் தொழில். தினம் ஒரு தடவை போன் செய்து நலம் விசாரிப்பார்.

"மாப்ளே, நாலு கதவும் துரு இல்லாமதானே இருக்கு? மழையில நிறுத்திடாதீங்க."

"மச்சான், வண்டி இன்னும் உயிரோட இருக்கு."

"அதனாலதான் சொல்றேன். போனப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

இந்தப் பாசத்துக்குப் பதில் சொல்வதற்காகவே பல்லுக்காரர் ஒரு புதிய காலத்துக் காரின் முன்சக்கர டிஸ்க் பிரேக்குகளையும், அதனுடைய மாஸ்டர் சிலிண்டரையும் தேடிப் பிடித்தார். மிதியை அழுத்தினால் பிரேக் எண்ணெயைக் குழாய்களுக்குள் தள்ளிவிடும் உருளைதான் அது. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மாட்டினார். முன்பக்கத்துக்குப் புதிய காரின் குழாய்களே வந்துவிட்டன. பின்பக்கத்துக்குப் பழைய குழாய் இருந்தது. அதன் முனையில் கோத்திருந்த, வெளிப்புறம் மரை வெட்டிய நட்டைப் புதிய சிலிண்டரின் துளையில் வைத்தார். விரலாலேயே நாலு சுற்று, தடையே இல்லை. "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி!" என்று சிலிண்டரைத் தட்டிக் கொடுத்தார்.

குழாயிலிருந்து காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தடியில் கிடக்க, மற்றவர் மிதியை அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு வீட்டம்மாவை விட்டால் ஆள் கிடையாது. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதிப்பதே அவர் சம்பாத்தியம். ஊரில் பாதிப் பேர் நடமாடுவது தன் வலது காலால்தான் என்பது அவர் கணக்கு. பல்லுக்காரர் அதை மறுத்துப் பேசியதில்லை. அந்தப் பாதியில் அவரும் ஒருவர்.

"அழுத்து."

"அழுத்தியாச்சு."

"பிடிச்சுக்கோ. விடாதே, விடாதே..."

"நான் எங்க விட்டேன்? நீங்க கத்துறதை விடுங்க."

அரைமணி நேரம் இல்லறம் இப்படியே நடந்தது. மிதி கெட்டியானது. பல்லுக்காரர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்னங்க, கால் இறங்குது."

"புது பிரேக் இல்லையா? உனக்குப் பழக்கமில்ல, அப்படித்தான் தெரியும்."

"பிரேக்கு. எனக்கு. பழக்கமில்ல?"

பல்லுக்காரர் பானெட்டைத் திறந்தார். பின்பக்கக் குழாயின் நட்டில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. வீட்டம்மா இறங்கிவந்து எட்ட நின்று பார்க்க, ஸ்பேனரை எடுத்தார்.

"இன்னும் அரைச் சுத்து முறுக்கினா சரியாப் போயிடும்."

"தொடாதீங்க. அது ஆடுது, இங்கிருந்தே தெரியுது."

விரலை வைத்துப் பார்த்தார். ஆடத்தான் செய்தது. ஆடுகிற பல் எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்கார அக்கா நட்டை வாங்கி, கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய மரை அளவுப் பலகையின் துளைகளில் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார்.

"டாக்டர், இது அங்குல மரை. உங்க சிலிண்டர் புதுக் காலத்து வண்டியோடது, மில்லிமீட்டர் மரை. துளை அரை மில்லி பெருசு, அதான் சுகமா உள்ள போயிருக்கு. பிடிக்கல, சும்மா தொட்டுக்கிட்டு நின்னிருக்கு."

"நான் டாக்டர் இல்லக்கா."

"தெரியும் டாக்டர். நல்லவேளை, மேல முறுக்கல. முறுக்கியிருந்தா சிலிண்டரே போயிருக்கும்."

"முறுக்க விடல" என்றார் பல்லுக்காரர். "அப்ப மில்லிமீட்டர் நட்டு ஒண்ணு குடுங்க."

"நட்டு கிடக்கட்டும். பைப் முனை புனலா, மொட்டா?"

பல்லுக்காரர் விழித்தார். அக்கா ஒரு பென்சிலை எடுத்துப் பில் புத்தகத்தின் பின்பக்கம் வரைந்தார். சில துளைகளின் அடியில் ஒரு கூம்பு எழும்பி நிற்குமாம். குழாயின் வாய் புனலாக விரிந்து அதன்மேல் கவிழ வேண்டுமாம். சில துளைகளின் அடி கிண்ணமாகக் குழிந்திருக்குமாம். அதற்குக் குழாயின் முனை மொட்டு மாதிரி உப்பியிருக்க வேண்டுமாம். நட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் புனலைக் கிண்ணத்தில் வைத்தால் ஒழுகத்தான் செய்யும்.

"உள்ள பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

"உள்ள ஒரே இருட்டுக்கா."

"அது உங்க பாடு டாக்டர்."

இருட்டுக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்வதுதானே அவர் பிழைப்பு! வீட்டுக்கு வந்து சிலிண்டரைக் கழற்றினார். துளையைத் துடைத்து, அச்செடுக்கும் ரோஸ் நிறப் பசையை அழுத்தி நிரப்பி, நாலு நிமிடம் காத்திருந்து, திருகித் திருகி வெளியே எடுத்தார். மரைகள் ஒன்று விடாமல் பதிந்திருந்தன. நுனி உருண்டு திரண்டிருந்தது. அடி, கிண்ணம். குழாயின் மறுமுனை போய்ச் சேரும் பழைய பித்தளை இணைப்பிலும் அதே வைத்தியம். அந்த அச்சின் நுனியில் பள்ளம். அங்கே, கூம்பு. ஆக ஒரே குழாய்க்கு ஒரு பக்கம் மொட்டும் மில்லிமீட்டர் நட்டும், மறுபக்கம் புனலும் அங்குல நட்டும். இரண்டு தலைமுறையை ஒரே வீட்டில் குடிவைக்கிற ஏற்பாடு.

முனை விரிக்கும் கருவியை அக்காவிடம் இரவல் வாங்கிவந்து, துண்டுக் குழாய்களில் இரண்டு நாள் பழகினார். புதன்கிழமை மாலை அசல் குழாய் தயாரானது. மொட்டும் புனலும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. பெருமை தாங்காமல் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டம்மா இரண்டு முனையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்கு" என்றார். எழுந்து போய் வேலை மேசையிலிருந்து எதையோ எடுத்துவந்து உள்ளங்கையை விரித்தார். "இது ரெண்டும் எதுக்கு?"

இரண்டு நட்டுகள். முனையை விரிப்பதற்கு முன்னால் குழாயில் கோத்திருக்க வேண்டியவை; விரித்த பிறகு எந்தப் பக்கமிருந்தும் ஏறாதவை. பல்லுக்காரர் நட்டுகளைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"சிரிக்காதே."

"நான் எங்க சிரிச்சேன்?" என்று வீட்டம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

வியாழக்கிழமை அடுத்த குழாய், இந்தத் தடவை நட்டுகளோடு. வெள்ளிக்கிழமை காலை சோதனைக் கூடம். தரையில் சுழலும் சோதனை உருளைகளின்மேல் வண்டியை ஓட்டி நிறுத்திக் காட்டியது வீட்டம்மாதான். நான்கு சக்கரமும் சொன்ன பேச்சைக் கேட்டன. ஆய்வாளர் பானெட்டுக்குள் தலையை விட்டார்.

"இதெல்லாம் யாரு மாத்தினது?"

"நான்தான் சார்" என்றார் பக்கத்து இருக்கையிலிருந்த பல்லுக்காரர்.

"மெக்கானிக்கா?"

"பல் செட் செய்வேன் சார்."

பாக்கெட்டில் வைத்த டார்ச்சை ஆய்வாளர் மறுபடி வெளியே எடுத்தார். ஒவ்வொரு நட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "அம்மா, மிதியை நல்லா அழுத்திப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடக்கூடாது. இறங்கினா சொல்லுங்க."

ஒரு நிமிடம். பல்லுக்காரர் மிதியைப் பார்க்கத் துணியாமல் வீட்டம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் எதையும் காட்டிக்கொடுக்கிற முகமில்லை.

"போதும், விடுங்க" என்று ஆய்வாளர் தாளில் முத்திரையைக் குத்தினார். வீட்டம்மாவின் கால் அசையவில்லை.

"பாஸ் ஆயிடுச்சும்மா. எடுங்க."

"இருங்க சார். நீங்க முத்திரை குத்திட்டுப் போயிடுவீங்க, ஓட்டப்போறது நான்."

பின்னாலிருந்து ஒரு ஹார்ன், பிறகு இரண்டு. பல்லுக்காரர் ஜன்னல் கண்ணாடியில் இல்லாத அழுக்கைத் துடைத்தார். இன்னொரு முழு நிமிடம் கழித்து வீட்டம்மா காலை மெல்லத் தூக்கினார்.

"பிடிக்குதுங்க" என்று கியரைப் போட்டார்.